அப்பாவின் வண்டி போகாத கல்லூரி

என் அப்பா ஓட்டுவது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் பேருந்து. காலையில் ஓரிக்கையில் எடுத்து, பிள்ளையார்பாளையம், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே கேட் என்று நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பொன்னேரிக்கரையில் பெங்களூரு சாலையைப் பிடித்துக் கிழக்கே போவார். மாலையில் அதே வழியாகத் திரும்புவார். இரவில் வண்டி எங்கள் தெரு முனையில் இருக்கும் காலி மனையில் நிற்கும். அது எங்கள் வண்டி இல்லை என்பது மூன்றாம் வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எங்களிடம் ஒரு பஸ் இருக்கிறது என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் கண்ணெதிரே நின்றதால் யாரும் மறுக்கவில்லை.

ப்ளஸ் டூ முடிவு வந்த அன்று கட்-ஆஃப் கணக்குப் போட்டேன். இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டரை. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா எட்டாவது; அதுவும் ஹெவி லைசென்ஸுக்கு எட்டாவது வேண்டும் என்பதற்காகப் பெரியவரான பிறகு எழுதிப் பாஸ் செய்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில், வருகிறவர்களுக்குப் பிரித்துக் காட்டிய புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலை அவளுக்கு. ஆகவே நான் வாங்கியது நல்ல மார்க்கா இல்லையா என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இருநூறுல எவ்ளோ போச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"இருபத்தொண்ணரை."

"எதுல போச்சு?"

"பாதி கெமிஸ்ட்ரிலம்மா."

"போனது போவட்டும் உடு. அது இல்லாத படிப்பா பாத்துப் படி."

அப்பா மறுநாள் காலை அந்த எண்ணை வண்டிக்கு எடுத்துப் போனார்.

அன்று தொடங்கி, ஒரு மாதத்துக்கும் மேலாக எங்கள் வீட்டு ஆலோசனை அந்தப் பேருந்தில்தான் நடந்தது. அப்பா காலையில் ஒரு கேள்வியோடு போவார், மாலையில் பதிலோடு வருவார். வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது எழுதாத சட்டம். முன்வரிசைகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பெண்கள். நடுவில் எல்லாம் கலந்து. கடைசி நீள சீட்டில் மெக்கானிக்கல் பையன்கள். அப்பா முன்னாலிருந்து விசாரித்துக்கொண்டே பின்னால் போனார்.

"சிவில் எடுத்தா வெயில்ல நிக்கணுமாம்."

"இ.சி.இ. நல்லதுதானாம். ஆனா அதுல படிக்கிற பொண்ணே வேணாங்குது."

"ஏ.ஐ.ன்னு ஒண்ணு புதுசா இருக்குதாம். அது இன்னான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அம்மா புடவை மடிக்கிற மாதிரியே துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு கேட்பாள். ஒருநாள் சொன்னாள்: "ஒத்த புள்ளைய பெத்துட்டு, ஒரு பஸ்ஸு புள்ளைங்களாண்ட போயி விசாரிக்கிற. இவனாண்ட கேட்டியா?"

"அவனுக்கு இன்னா தெரியும்? அவன் இன்னும் சேரவே இல்லையே" என்றார் அப்பா.

அவருக்கு விருப்பம் என்ன என்பதை அவர் மறைக்கவே இல்லை. நான் அவர் ஓட்டும் கல்லூரியிலேயே சேர வேண்டும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும், அவர் வண்டியிலேயே போய்வர வேண்டும். "எத்தினி வருஷமா ஊரான் புள்ளைங்கள ஏத்திக்கினு போறேன். எம்புள்ளையும் ஏறட்டுமே" என்பார். கம்ப்யூட்டர் ஏன் என்பதற்கும் அவரிடம் ஆதாரம் இருந்தது. ஸ்வீட். கடைசி வருடத்தில் யாருக்காவது வேலை கிடைத்தால் மறுநாள் வண்டியில் ஸ்வீட் கொடுப்பார்கள். முதல் துண்டு டிரைவருக்கு. அத்தனை வருடத்தில் அவருக்கு வந்த மைசூர் பாகும் பால்கோவாவும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பிள்ளைகள் கொடுத்தவை. மெக்கானிக்கல் பையன் ஒருவன்கூடக் கொடுத்ததில்லை.

"ஒருத்தன் கூடவா? அப்போ அதுல வேலையே இல்லன்னுதானே அர்த்தம்" என்றார்.

நான் மெக்கானிக்கல் படிக்க நினைத்திருந்தேன். காரணம் அப்பாவின் வண்டிதான். வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக வண்டியை வாலாஜாபாத் ரோட்டில் உள்ள ஒரு பட்டறையில் விடுவார்கள். கோடை விடுமுறையில் நானும் கூடப் போவேன். கியர்பாக்ஸைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருப்பார்கள். இந்தப் பல் ஏன் சாய்வாக இருக்கிறது, அது ஏன் நேராக இருக்கிறது என்று கேட்டால், மேஸ்திரி, "அது அப்டித்தான்பா" என்பார். அப்படித்தான் என்பது எனக்குப் போதவில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "கையில கிரீஸ் ஆவாத படிப்பு படின்னா, கிரீஸப் பத்தியே படிக்கிறேங்கிற" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வண்டி கழுவப் போய்விட்டார்.

அவருடைய கல்லூரி வேண்டாம் என்று நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை பிள்ளையார்பாளையம் நிறுத்தத்தில், தாமதமாக வந்த ஒரு பையன் வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று தட்டி, "ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டீங்களாண்ணா?" என்று கத்துவதைச் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். அப்பா கதவைத் திறந்துவிட்டார். அவர் வேலை எனக்குக் குறைவாகத் தோன்றியதில்லை. ஆனால் வேலையில் இருக்கும் அப்பாவை நாலு வருடம் தினமும் பின்னாலிருந்து பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. வீட்டில் பார்க்கும் அப்பா எனக்குப் போதுமாக இருந்தார்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்குச் சான்றிதழ் வாங்கினால் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்காக அப்பாவும் நானும் கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். வீட்டில் தாத்தா தலைமுறை வரை யாரும் டிகிரி வாங்கியிருக்கக் கூடாது.

"உங்கப்பா டிகிரியா?" என்று அவர் அப்பாவைக் கேட்டார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி போலிருக்கிறது.

"ஏர் ஓட்டினவரு சார். அதுவும் அடுத்தவங்க ஏரு" என்றார் அப்பா.

அலுவலர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கலந்தாய்வு ஆன்லைனில்தான். நம் வரிசை வரும்போது, வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அப்பா யூனிஃபார்மோடு வந்தார். முதல் இடத்தில் அவர் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். நான்தான் தட்டினேன். இரண்டாவதாக மேற்கே ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள ஓர் அரசுக் கல்லூரி, மெக்கானிக்கல். அதன் கீழே இன்னும் பல. அப்பா திரையில் தன் கல்லூரியின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டச் ஸ்கிரீன் இல்லண்ணா" என்றார் கடைக்காரர். "லாக் பண்றதுக்கு நாளன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது. அதுக்குள்ள எத்தினி தடவ வேணும்னாலும் மாத்தலாம்."

"மாத்தறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் அப்பா.

மாற்ற வைத்தது கடைசி சீட்டுப் பையன்கள். மறுநாள் காலை கல்லூரிக்குள் வண்டியை நிறுத்தியபின், இறங்கப் போன அவர்களை அப்பா நிறுத்தியிருக்கிறார். ஏற்கெனவே முடிவு செய்தாகிவிட்டது, சும்மா ஓர் அனுதாபத்தில் கேட்டதாகத்தான் என்னிடம் சொன்னார்.

"ஏம்பா, உங்க டிபார்ட்மெண்ட்ல யாருக்குமே வேலை கெடைக்கிறதில்லையா?"

"யாருண்ணா சொன்னது?"

"ஒருத்தனும் ஸ்வீட்டு குடுக்கலயேப்பா."

பையன்கள் படியில் உட்கார்ந்து சிரித்தார்களாம். பிறகு ஒருவன் விவரம் சொன்னானாம்: "கெடச்சுதுண்ணா. போன வருஷம் நாலு அண்ணனுங்க ஒரகடத்துல கார் கம்பெனில சேர்ந்தாங்க. டப்பாவ எடுத்துக்கினு முன்னாடி வரைக்கும் வந்தா, லேடீஸ் சீட்டாண்ட இன்னா வேலைன்னு ஓட்டுவானுங்க. அதனால பின்னாடியே தின்னுடுவோம்."

அப்பா இதை எங்களிடம் சொல்லும்போது சட்டைகூடக் கழற்றவில்லை. "தெனமும் சாயங்காலம் வண்டியப் பெருக்குறேன். கடைசி சீட்டுக்கு அடியில ஸ்வீட்டு டப்பா கெடக்கும். முன்னாடி குடுத்ததுதான் சுத்தி சுத்தி அங்க போயி கெடக்குதுன்னு நெனச்சுக்கினேன். எல்லாம் அவனுங்க டப்பா."

அம்மா சிரித்த சிரிப்பில் மடித்த துணி சரிந்தது. "வேலை கெடச்ச டப்பாவ எல்லாம் குப்பையில போட்டுட்டு, வேலையே இல்லன்னு வந்து சொல்லியிருக்கிற!"

அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கடை தெறந்திருக்குமா? மாத்தணும்னா போயி மாத்திக்கோ" என்றார்.

"நீயும் வாப்பா."

"நான் எதுக்கு? நீ போ."

நான் போய் இரண்டாவதை முதலாவதாக்கினேன். ஒரு நிமிட வேலை.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபோது எனக்குக் கிடைத்திருந்தது இரண்டாவது: அப்பாவின் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். அரசுக் கல்லூரி மெக்கானிக்கல் என் எண்ணுக்கு மயிரிழையில் தப்பியிருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்ததை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் திரையில் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது ஏற்றுக்கொண்டே, மேலே உள்ளது காலியானால் அதற்கு மாறச் சம்மதம் என்று சொல்லலாம். கடைக்காரர் இரண்டையும் ஆங்கிலத்தில் படித்தார். அப்பா புரிந்துகொண்டதை அவர் பாணியில் எனக்கு விளக்கினார்.

"பஸ்ஸுல கெடச்ச சீட்டுல துண்டு போட்டு வெச்சிக்கினு, ஜன்னல் சீட்டு காலியாவுதான்னு பாக்கறது. அதானே சார்?"

"அதேதாண்ணா. ஆனா ஜன்னல் சீட்டு காலியாச்சுன்னா நீங்க போயே ஆவணும். துண்டு போட்ட சீட்டு அப்பவே போயிடும். திரும்பி வந்து கேக்க முடியாது."

"அது எப்டி முடியும்? அடுத்தவன் உக்காந்திருப்பானே" என்றார் அப்பா. அதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றிருந்த ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

"எதப்பா அமுக்கறது?"

"படிக்கப் போறது நீ. நீயே அமுக்கு."

மேலே உள்ளதற்குச் சம்மதம் என்பதை அமுக்கினேன். கணினி, நிச்சயமா என்று மறுபடி கேட்டது. ஆம் என்றேன்.

முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் வண்டி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதாக அப்பா சொன்னார்.

"முன்னாடி இருக்கறதுங்க நீ நம்ம காலேஜுக்கு வரணும்னு ஏகாம்பரநாதருக்கு வேண்டிக்கினு இருக்குதுங்க. பின்னாடி பசங்க உனக்கு மெக்கானிக்கல் கெடைக்கணும்னு வேண்டறானுங்க."

"நீ இன்னா வேண்டிக்கிற?" என்று அம்மா கேட்டாள்.

"நான் வண்டி ஓட்டிக்கினு இருக்கிறேன். கண்ண மூடி வேண்ட முடியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் செய்தி வந்தது. யாரோ ஒருவர் அந்த அரசுக் கல்லூரி இடத்தை விட்டுவிட்டார். அது எனக்கு வந்துவிட்டது. அப்பா காலி மனையில் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"மேல உள்ளது வந்துடுச்சுப்பா."

"அப்டியா" என்றார். மிச்சமிருந்த இரண்டு டயரையும் தட்டிப் பார்த்தார். பிறகு, "ஹாஸ்டல் இருக்குதா?" என்றார்.

"இருக்குது."

"பஸ்ஸு?"

"காலேஜுக்கு பஸ் இல்லப்பா. ஹாஸ்டல்லேர்ந்து நடந்து போற தூரம்தான்."

"பஸ்ஸே இல்லாத காலேஜா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கம்பியை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டி வீட்டுக்கு நடந்தார். நானும் கூட நடந்தேன். வீட்டில் அம்மா, "கவர்மெண்ட்டு காலேஜு, நல்லதுதானே?" என்று இருவரையும் பொதுவாகக் கேட்டாள். "நல்லதுதான்" என்றார் அப்பா.

நான் சேர வேண்டிய நாளில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாற்று டிரைவர் ஊரில் இல்லை. அம்மா கூட வருவதாக முடிவாயிற்று. பொன்னேரிக்கரை போனால் மேற்கே போகும் பஸ் கிடைக்கும். முந்தின நாள் மாலை அப்பா டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜுக்குப் போன் செய்தார். வாசலில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சார், நாளைக்கு ஒரு நாள். எம்புள்ளையும் வீட்டுலயும். ஓரிக்கைலேர்ந்து பொன்னேரிக்கரை வரைக்கும் சார். ஒரு பெட்டி மட்டும் இருக்குது. ஆமா சார், நம்ம காலேஜ் இல்ல சார். கவர்மெண்ட்டு. சரிங்க சார்."

வெளியாட்களை ஏற்றக் கூடாது என்பது விதி. அப்பா அதைத் தளர்த்தியதே இல்லை. ஒருமுறை கூரத்தில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் மழையில் நனைந்துகொண்டு கை காட்டியபோதும் அப்பா நிறுத்தாமல் போய்விட்டார். அந்த உறவினர் வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

காலையில் அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். இரும்புப் பெட்டியை ஏற்றி, நான் நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். அம்மா டிரைவருக்குப் பின்னால். பிள்ளையார்பாளையத்தில் ஏறிய பெண்கள் அம்மாவைப் பார்த்து நின்றார்கள். பிறகு சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் புள்ளைங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. உங்க பையன் எங்கள ஏமாத்திட்டான்."

பின்னால் ஏறிக்கொண்டிருந்த மெக்கானிக்கல் பையன்களில் ஒருவன் என்னைப் பெட்டியோடு அடையாளம் கண்டுகொண்டான். "டேய், நூத்தி எழுபத்தெட்டரை! அங்க இன்னா பண்ற? நம்ம சீட்டு பின்னாடி, வா."

அவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கட்-ஆஃப், கெமிஸ்ட்ரி, எனக்குக் கத்திரிக்காய் பிடிக்காது என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஹாஸ்டலில் தினமும் அதுதான் என்றார்கள். படம் வரைகிற டிராஃப்டரைப் புதிதாக வாங்காதே, சீனியரிடம் கேள் என்றான் ஒருவன். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைக்காதே என்றான் இன்னொருவன். "நீ வெச்சியாடா?" என்று மூன்றாமவன் கேட்டதும் அந்தப் பேச்சு அங்கே நின்றது.

கடைசி சீட்டிலிருந்து அப்பாவின் முதுகும், கண்ணாடியில் அவர் கண்களும் தெரிந்தன. நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியபிறகும் வண்டி நின்றது. "யாருண்ணா வரணும்?" என்று யாரோ கேட்டார்கள். "பச்சைப் பை பொண்ணு" என்றார் அப்பா. பச்சைப் பையோடு ஒரு பெண் ஓடி வந்து ஏறினாள். ரயில்வே கேட்டில் ஒருவன் பக்கவாட்டில் தட்டினான், கதவு திறந்தது, ஏறினான். அவ்வளவுதான். ஒரு மனிதர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கே சேர்ந்திருந்தால் அந்த நாலு வருடமும் இப்படித்தான் போயிருக்கும் போலிருக்கிறது.

பொன்னேரிக்கரையில் பெங்களூரு சாலைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது டிரைவர் சீட்டை விட்டு எழக் கூடாது. பையன்கள் பெட்டியை இறக்கினார்கள். நான் முன்பக்கம் வந்தபோது அப்பா கியரில் கை வைத்தபடியே பேசினார்.

"அம்மாவுக்கு முன்னாடி சீட்டா பாத்துப் புடி. பின்னாடின்னா தூக்கிப் போடும்."

"சரிப்பா."

"போயி சேந்து போன் பண்ணு. நான் எடுக்கலன்னா ஓட்டிக்கினு இருப்பேன். நானே பண்றேன்."

"சரிப்பா."

அவர் கண்ணாடியைப் பார்த்து, "எல்லாம் உக்காருங்க" என்றார். என்னிடம் இல்லை, உள்ளே நின்றுகொண்டிருந்தவர்களிடம். நான் இறங்கினேன். வண்டி பாலத்துக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் ஏறி, கிழக்கே போகும் லாரிகளுக்கு நடுவே சேர்ந்துகொண்டது.

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருடத்தில் அவள் அந்த வண்டியில் ஏறியது அன்றுதான்.

"நல்லா ஓட்டறாரு இல்ல?" என்றாள். "ஒரு குலுக்கல் இல்ல."

"ஆமாம்மா" என்றேன். மேற்கே போகும் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.